ராணியின்ரை சங்கிலியும் நான் கருக்கின துண்டும்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கிருந்தது ஒரே ஒரு வேலை. விசுவமடுவிலையிருந்து கிளிநொச்சிக்குப் போய் அரசாங்கத்தின்ரை திறைசேரி முறி வாங்கிறது.

காசு என்ரை இல்லை. மனுசி ராணி மூண்டு போகம் கச்சான் கடலை செய்து சேர்த்தது. அவா அதிலை ஒரு சங்கிலி செய்யத்தான் நினைச்சவா. நான்தான் போனிலை ரெண்டு வீடியோ பாத்திட்டுப் பொருளாதார நிபுணர் ஆகினனான்.

"இஞ்சேரும் ராணி, சங்கிலி கழுத்திலை சும்மா தொங்கும். முறி எண்டால் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வட்டி வரும். அரசாங்கத்துக்கு நாங்கள் கடன் குடுக்கிறம், விளங்குதோ?"

ராணி கச்சான் உடைக்கிறதை நிப்பாட்டினா.

"எங்களிட்டைக் கடன் வாங்கிற அளவுக்கு வந்திட்டினமோ?"

கடைசியிலை ஓமெண்டா. ஆனா ஒரு நிபந்தனை.

"பின்னேரம் பையுக்கை வைக்க எனக்கொரு கடுதாசித் துண்டு வேணும். துண்டு இல்லையெண்டால் நாளைக்கே காசைத் திருப்பி எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போவன்."

அந்தப் பையைப் பற்றிச் சொல்லோணும். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலை வீட்டை விட்டம், மாட்டை விட்டம், அந்தப் பையை மட்டும் விடேல்லை. பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிட், கலியாண எழுத்து எல்லாம் அதுக்கைதான். மழைக்கும் கரையானுக்கும் பயந்து எல்லாத்தையும் லமினேட் பண்ணியாச்சு. எங்கட வீட்டிலை லமினேட் பண்ணாதது நானும் ராணியும்தான்.

வங்கியிலை இருந்த பிள்ளை ஆறுதலா விளங்கப்படுத்தினா. எத்தினை வருசம், என்ன வீதம், ஏலம் எப்ப எண்டு எல்லாம்.

"விளங்கினதோ ஐயா?"

"ஓம் ஓம், இதெல்லாம் எனக்குத் தெரியும்."

ஒரு மண்ணும் தெரியாது! காட்டின இடமெல்லாம் கையெழுத்து வைச்சன். காசை வெளியிலை இருந்த மெஷினிலை என்ரை கணக்குக்குப் போட்டன். மெஷின் ஒரு சின்னத் துண்டைத் துப்பிச்சு. திரும்பி வந்து கேட்டன்.

"தங்கச்சி, முறி எங்கை?"

"அது கடுதாசியா வராது ஐயா. உங்கட பேரிலை கொழும்பிலை கம்பியூட்டரிலை பதிவு இருக்கும். வாங்கி முடிய உங்கட போனுக்கு மெசேஜ் வரும்."

கொழும்புக் கம்பியூட்டரைப் பையுக்கை எப்பிடி வைக்கிறது?

கையிலை இருந்தது மெஷின் துண்டு ஒண்டுதான். கணக்கு இலக்கம் இருக்கு, தொகை இருக்கு. இது காணும்! லமினேட் பண்ணிக் குடுத்தால் ராணி மறுபேச்சுப் பேசமாட்டா எண்டு நினைச்சு, பஸ் நிலையத்தடியிலை இருக்கிற நிசார் நானாவின்ரை கடைக்கு நடந்தன்.

நானா துண்டை வாங்கிப் பிரட்டிப் பாத்தார்.

"அண்ணை, இது மெஷின் துண்டு. சூடு பட்டால்..."

"நானா, இண்டைக்கு நான் அரசாங்கத்துக்கே கடன் குடுத்த ஆள். போடுங்கோ!"

போட்டார். வெள்ளையா உள்ளை போனது தோசைக்கல் மாதிரி வெளியிலை வந்துது. ஒரு எழுத்துத் தெரியேல்லை!

"ஐயோ நானா! மனுசியின்ரை சங்கிலி!"

"அதைத்தான் சொல்ல வந்தனான் அண்ணை" எண்டார் நானா. லமினேட் காசையும் மறக்காமல் வாங்கினார்.

வங்கிக்குத் திரும்ப ஓடினன். அந்தப் பிள்ளை துண்டை லைற்றுக்கு நேரை தூக்கிப் பிடிச்சா.

"என்ன ஐயா, எக்ஸ்றேயோ?"

வரிசையிலை நிண்ட சனம் முழுக்கச் சிரிச்சுது. எனக்கு வெக்கத்திலை உயிர் போச்சு.

"காசு கணக்கிலை பத்திரமா இருக்கு, பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்லி, விண்ணப்பம் கிடைச்சதெண்டு ஒரு கடிதம் அடிச்சு சீலும் குத்தித் தந்தா. அந்தப் பிள்ளை நல்லாயிருக்கோணும்!

வீட்டை வந்து கடிதத்தைக் குடுத்தன். ராணி மூண்டு தரம் வாசிச்சா. குத்தின சீலைத் தடவிப் பாத்தா. முகம் தெளிஞ்சுது. அப்பாடா எண்டு கதிரையிலை இருந்தன்.

"அதென்ன சேர்ட் பொக்கற்றுக்கை கறுப்பா?"

பிடிபட்டன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவாவுக்குச் சிரிப்பு அடக்கேலாமல் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. பிறகு கடிதத்தையும் கறுப்புத் துண்டையும் ஒண்டாப் பையுக்கை வைச்சா.

"அந்தக் கருகினதை ஏன் வைக்கிறீர்?"

"இனி வீடியோ பாத்திட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்தியளெண்டால் காட்டத்தான்."

முறிக்கு வட்டி ஆறு மாசத்துக்கு ஒருக்கா. அந்தக் கறுப்புத் துண்டு கிழமைக்கு மூண்டு தரம் வெளியிலை வருது.