ரிஜெக்ட் அண்ணனும் இருநூற்றைம்பது ரூபாய்ப் பத்திரிகையும்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: நான், கிரேன் ஆபரேட்டர் ஜெபராஜ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனிரத்தினம். வராதவர்: ரிஜெக்ட் அண்ணன். வராதவர் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. அவர் செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் கூட்டத்தையே கூட்டினோம். பேசவேண்டிய விஷயம் ஒன்றுதான். அண்ணன் வரவழைக்கிற ஆட்டப் பத்திரிகையின் விலை இருநூற்றைம்பது ரூபாய் ஆகிவிட்டது. தொடர்வதா, நிறுத்துவதா?

அவரை வைத்துக்கொண்டே பேசினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவரைத் தெரியாததால் கேட்கிறீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள அத்தனை கம்பெனிகளிலும் தேடினாலும் இப்படி ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் அவர் கண்ணுக்குத் தெரிவது அதன் குறை. சூரியனே அண்ணன் செக் பண்ணி விட்ட பிறகுதான் மேலே வருகிறது என்பான் ஜெபராஜ். மேகமூட்டமான நாள் என்றால் அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அர்த்தம்.

கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. வெளியிலிருந்து வரும் சரக்கை அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. பச்சை ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப்போகும் அளவுக்கு அவர் மேசையில் கிடக்கும். சிவப்பு ரோல் எப்போதும் சட்டைப் பையில். ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகும் கை சும்மா இருக்காது. ரூம் கதவு, புது வாளி, வீட்டு ஓனர் கொடுத்த ஃபேன் எல்லாவற்றின் மேலும் சிவப்பு. மெஸ்ஸில் ஒருநாள் இட்லியை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார்.

"அண்ணே, நேத்து இட்லிக்கும் இன்னிக்கு இட்லிக்கும் நாலு எம்எம் கொறையுது."

மெஸ்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "துன்னா துன்னு. இல்லாட்டி எய்ந்து போய்க்கினே இரு. பின்னால ஆளு நிக்குது."

எங்கள் ஊர்ப் பக்கம், பொதட்டூர்பேட்டையில், அவருக்குப் பெண் பார்க்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது வாசக்காலை. "இது ஒரு பக்கம் சாஞ்சிக்கினு இருக்குதே, ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?" என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டார். அவர் கடன் வாங்கி அந்த வீட்டைக் கட்டி முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் 'இடம் ஒத்துவரவில்லை' என்று சொல்லியனுப்பினார்கள். அண்ணனையே ரிஜெக்ட் செய்த முதல் பார்ட்டி. அதற்கு அவர் வருத்தப்படவில்லை. "காரணம் எழுதிக் குடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்படிப்பட்டவர் மாதம் தவறாமல் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள் 'காயும் கட்டமும்'. மேசையில் வைத்து ஆடுகிற ஆட்டங்களுக்காகவே வரும் தமிழ்ப் பத்திரிகை. கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ இரண்டு பேர் கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள். ஒவ்வொரு இதழிலும் நடுவில் ஒரு புது ஆட்டம் இருக்கும்: கெட்டி அட்டையில் பலகை, வெட்டி எடுத்துக்கொள்ளக் காய்கள், நாலு பக்கத்துக்கு விதிமுறை. மீதிப் பக்கங்களில் வெளிநாட்டு ஆட்டங்களுக்கு விமர்சனம். அந்தப் பெட்டிகளின் விலையைப் படித்தால் எங்களுக்குத் தலை சுற்றும். அண்ணன் அதையும் வரிவிடாமல் படித்துவிட்டு, "வாங்கற மாதிரி இல்ல, காய்க்கு ஃபினிஷிங் பத்தல" என்பார். அதை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பத்திரிகை வந்ததும் யாரும் தொடக்கூடாது. முதலில் பக்கம் எண்ணுவார். பிறகு மைக்ரோமீட்டரில் தாளின் கனம். பிறகு மளிகைக்கடைத் தராசில் எடை. மளிகைக்கடைக்காரர் இதற்குப் பழகி, "இன்னாப்பா, இந்த மாசம் கொழந்த எளைச்சிருக்குது?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். அண்ணன் இந்தச் செலவைத் தன் சொந்தச் செலவாக நினைக்கவில்லை. தண்ணீர் கேன், கேஸ், பத்திரிகை என்று ரூமின் பொதுக்கணக்கில் சேர்த்துவிட்டார். நான்கு பங்கு. முனிரத்தினம் ரூமில் தங்குகிறவன்கூட இல்லை. எளாவூரில் சொந்த வீட்டில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறான் என்பதற்காக அவனுக்கும் ஒரு பங்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் விதிமுறையைச் சத்தமாகப் படிப்பார். கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல ஒரு குரல். ஒரு மாதம் லாரி ஆட்டம் வந்தது. பகடை உருட்டி, சரக்கு ஏற்றி, மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். செக்போஸ்ட் கட்டத்தில் நின்றால் ஒரு முறை ஆட்டம் போச்சு என்று அண்ணன் படித்ததும் முனிரத்தினம் எழுந்துவிட்டான். அவன் வீட்டு வாசலில் நின்றாலே செக்போஸ்ட் லாரி வரிசை தெரியும்.

"ஒரு மொறதானா? இத்த எழுதனவன் எளாவூர் வந்து பாக்கச் சொல்லு நைனா. லாரி நின்னுச்சுன்னா டிரைவரு குளிச்சு, சோறாக்கித் துன்னு, தூங்கி எய்ந்துக்கறான்."

"ரூல்ல ஒரு மொறன்னு போட்டிருக்குது. ஒரு மொறதான்," என்றார் அண்ணன்.

அன்றைக்கும் தோற்றவர் அண்ணன்தான். எல்லா வாரமும் அவர்தான் தோற்பார். சந்தேகம் வருகிற இடத்திலெல்லாம் தனக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்கிறவர் எந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியும்?

இதெல்லாம் விலை ஏறாத காலத்துக் கதை. நான் ரூமுக்கு வந்தபோது பத்திரிகை அறுபது ரூபாய். அப்புறம் தொண்ணூறு. அப்புறம் நூற்றைம்பது. அடுத்து வந்த இதழின் அட்டையில் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். கீழே நூற்றைம்பது, மேலே இருநூற்றைம்பது. காகித விலை ஏறிவிட்டது, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளே ஒரு வரி. அதனால்தான் கூட்டம்.

"ரெண்டு பிரியாணிடா அது," என்றான் ஜெபராஜ். செவ்வாப்பேட்டைக்காரன், எதையும் பிரியாணியில்தான் கணக்குப் பார்ப்பான். "போன்ல லூடோ ஓசியில ஆடலாம். அட்டைய வெட்டி ஒட்டிக்கினு உக்காந்துனுகிறோம், எல்கேஜி பசங்க மாதிரி."

"டப்பு ஜாஸ்திதான் நைனா," என்றான் முனிரத்தினம்.

"டிப்ளமோ, நீ சொல்லு. படிச்சவன் நீதான்," என்றான் ஜெபராஜ் என்னிடம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ரூமில் எனக்குப் பேரே டிப்ளமோதான். எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் பரீட்சைக்கு வாங்குவது. பரீட்சை முடிந்ததும் பாதி விலைக்கு அடுத்த வருஷத்துப் பையனுக்குத் தள்ளிவிடுவது. விளையாட்டைப் பற்றிப் படிக்க இருநூற்றைம்பது ரூபாய் என்று அப்பாவிடம் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன். கோபப்படமாட்டார். "இது பரீச்சையில வருமாடா?" என்று கேட்பார். வராது. நிறுத்திவிடலாம் என்றேன்.

சரி, அண்ணனிடம் யார் சொல்வது? கடைசியில் ஜெபராஜ்தான் வழி கண்டுபிடித்தான். "நாம எதுக்கு பேஜாரு பண்ணிக்கணும்? அவரு ஸ்கேல வெச்சே முடிச்சுடலாம். அடுத்த புக்கு வரட்டும். தராசுல வெப்பாரு, மைக்ரோமீட்டர்ல வெப்பாரு. கொறஞ்சிருந்தா அவரே செவப்பு ஒட்டிடுவாரு. நம்ம மேல பழி இல்ல."

அடுத்த இதழ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணன் எண்ணினார். எண்பது பக்கமாக இருந்தது அறுபது. தாளைத் தூக்கிப் பிடித்தால் பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரிந்தது. நடுவில் கெட்டி அட்டை போய் வெறும் தாள். வெட்டுகிற கோடு நகர்ந்து அச்சாகியிருந்தது. கோட்டின்மேல் வெட்டினால் ராஜாக் காய்க்குத் தலை போகும்.

வழக்கமாக ஒவ்வொரு குறைக்கும் ஒரு சொற்பொழிவு உண்டு. அன்று அது இல்லை. மளிகைக்கடைக்கும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பையிலிருந்து சிவப்பு ரோலை எடுத்தார். ஒன்றை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அட்டையில் ஒட்டினார். நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் மூன்று பேரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ரிஜெக்ட்தான். பேசறதுக்கு ஒண்ணுமில்ல," என்றார். "பக்கம் கொறவு, தாளு கொறவு, கட்டிங் அவுட்டு. வெல மட்டும் ஏறிக்கினே போவுது."

"அப்போ நிறுத்திடலாமாண்ணா?" ஜெபராஜின் குரல் உள்ளே போயிருந்தது.

"பாக்கறதுதான் என் வேல. நிறுத்தறது என் வேல இல்ல." சிவப்பு ரோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கம்பெனில சில சமயம் சரக்கு கொறையா வரும். திருப்பி அனுப்புனா லைன் நின்னுடும். அப்போ இன்னா பண்ணுவோம்? லைன்ல வேல செய்றவனைக் கூப்ட்டுக் கேப்போம். இந்தக் கொற இருக்குதுப்பா, இத்த வெச்சு உன்னால ஓட்ட முடியுமா? முடியும்னு கையெழுத்துப் போட்டான்னா உள்ள விட்டுடலாம். கொற இருக்குதுன்னு தெரிஞ்சே ஏத்துக்கறது. டீவியேஷன்னு பேரு. ஆனா அத்த நான் சொல்லக்கூடாது. யூஸ் பண்றவன்தான் சொல்லணும்."

எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"போன மாசம் நான் இல்லாதப்போ பேசுனீங்க இல்ல. இப்பவும் நான் இல்லாதப்பவே பேசிக்கோங்க. பால் வாங்கினு வரேன்."

போய்விட்டார். அடுப்பு மேடையில் இரண்டு பால் பாக்கெட் இருந்தது. அவற்றைத் தாண்டித்தான் செருப்பை மாட்டினார்.

"கூட்டம் போட்டத எவன்டா சொன்னது?" என்றான் ஜெபராஜ்.

"நான்தான். கேட்டாரு. பொய் சொல்ல வாய் வரல நைனா." முனிரத்தினம் அந்த ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஊட்ல டிவி இருக்குது. பொண்டாட்டி புள்ள இருக்குது. நான் இன்னாத்துக்கு எளாவூர்லேர்ந்து பஸ் ஏறி வரேன்? இந்த பேப்பருக்கா?"

"பின்ன?"

"அந்தாளு ரூலு படிப்பாரே, அத்த கேக்கத்தான்."

நான் விதிமுறைப் பக்கத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். வேறொன்றும் தோன்றாததால்தான் எடுத்தேன். இரண்டாம் பக்கம் போனதும் ஒன்று புரிந்தது. யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, மார்க் போடப்போவதில்லை என்று தெரிந்தே நான் படித்த முதல் தாள் இந்தப் பத்திரிகையில்தான் இருந்திருக்கிறது. வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன், கவனிக்கவில்லை. ரூமில் மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். ஒருவன் எழும்போது இன்னொருவன் படுப்பான். ஒருவருக்கொருவர் விழித்த முகத்தைப் பார்க்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். லூடோவிலும் நாலு பேர் சேர்ந்து ஆடலாம். தலையை நிமிர்த்தத் தேவையில்லை.

"ஓட்டலாம்," என்றேன்.

"எங்க போடணும் கையெழுத்து?" என்றான் ஜெபராஜ், கோபத்தோடு. "ரெண்டு பிரியாணி போச்சு."

படிவம் எதுவும் இல்லாததால் சிவப்பு ஸ்டிக்கரின் மேலேயே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் பாலோடு வந்தார். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "டிப்ளமோ, உன் கையெழுத்து ஸ்டிக்கர வுட்டு வெளிய போய்க்கினு இருக்குது," என்றார். கத்தரிக்கோலை எடுத்து, கோட்டை விட்டு விலகி, ராஜாவைத் தலையோடு வெட்டினார். அன்றைக்கும் தோற்றார்.

அந்தப் பத்திரிகை கொடுத்த காசுக்குப் பெறுமா என்று யாராவது என்னைக் கேட்டால் பெறாது என்றுதான் சொல்வேன். அளந்து பார்த்தவர் அண்ணன், அவர் அளவில் தவறு இருக்காது. பெறாத பொருள் என்று தெரிந்தே வாங்கத் தொடங்கிய பிறகு, வாங்கலாமா என்ற பேச்சே ரூமில் எழவில்லை.

போன வருஷம் கம்பெனி அண்ணனை ஒரகடம் பிளான்ட்டுக்கு மாற்றியது. ஒரு பெட்டி, ஒரு பாய், மைக்ரோமீட்டர், அவ்வளவுதான் லக்கேஜ். அடுத்த இதழ் எங்கள் ரூமுக்கு வந்தது. பிரிக்காமல் அவருக்கு அனுப்பினோம். அவர் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். நாலு பேர் ஆடுகிற பலகை, தனி ஆளுக்கு எதற்கு என்றார். பலகையை ஜெராக்ஸ் எடுத்து, அங்கே ஒன்று இங்கே ஒன்று வைத்துப் போனிலேயே ஆடலாம் என்று ஜெபராஜ் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து "கட்டத்தோட சைஸ் மாறிடும் தம்பி," என்று மட்டும் வந்தது.

இப்போது பத்திரிகை முந்நூறு ரூபாய். பக்கம் இன்னும் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கிறோம். ஒரகடத்தில் ஒரு பலகை, இங்கே ஒரு பலகை. அவர்தான் விதிமுறை படிக்கிறார். நாங்கள் சொல்கிற எண்ணுக்கு அங்கே எங்கள் காயை நகர்த்துகிறார். அவர் சொல்கிற எண்ணுக்கு இங்கே முனிரத்தினம் அவர் காயை நகர்த்துகிறான். அவர் உருட்டுகிற பகடையை நாங்கள் யாரும் பார்க்க முடியாது. ஒன்று என்கிறார், இரண்டு என்கிறார். ஆறு விழுந்ததாக இதுவரை ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

இரண்டு சந்தா, பன்னிரண்டு மாதம். முன்போலவே நாலாகப் பிரித்துக்கொள்கிறோம். மொத்தம் ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.