வணக்கம் ஜீவானந்தம்

மனித குலம் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியதற்குப் பிறகு நடந்த மிகப் பெரிய இடப்பெயர்வு, சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இயங்கும் புறநகர்க் குடிநீர் இணைப்பு வாரியத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குள் நடந்து முடிந்தது. வாரியத்தின் ஒன்பது கணினிகளும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் குடிபெயர்ந்தன. ரத்தம் சிந்தவில்லை. ஒரு டீ மட்டும் சிந்தியது.

தலைமையகத்தின் சுற்றறிக்கை தெளிவாக இருந்தது: 'திங்கட்கிழமைக்குள் அனைத்துக் கணினிகளும் சுதந்திர இயங்குதளத்துக்கு மாற வேண்டும். தவறினால் விளக்கம் கேட்கப்படும்.' சுதந்திரம் அடைவதற்குக் கெடு வைத்த முதல் நிர்வாகம் என்ற பெருமை வாரியத்துக்கே உரியது.

இந்தப் புரட்சியை நடத்தக் கிடைத்த ஆள் ஆல்வின். ஏழு வருட ஒப்பந்த ஊழியன். ஒப்பந்தம் என்றால் எண்பத்தொன்பது நாள். தொண்ணூறாவது நாள் வேலை கிடையாது. அதற்கு மறுநாள் புதிதாகச் சேர வேண்டும். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று சொல்லி எவனும் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதல்லவா? அந்தத் தொண்ணூறாவது நாளிலும் ஆல்வின் வந்துவிடுவான். வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவான். 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் 'வேலை' என்று எழுதிவிட்டு, உள்ளே போய் வேலை பார்ப்பான்.

கண்காணிப்பாளர் அரிகிருஷ்ணன் அவனை அறைக்குள் அழைத்தார்.

"ஆல்வின், இத மட்டும் முடிச்சுக் குடுத்துடு. உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன். ப்ராமிஸ்."

"லினக்ஸ் போட்டுடலாம் சார். ஆனா நம்ம 'நீரோட்டம்' அதுல ஓடாது. அது விண்டோஸுக்குன்னே எழுதினது."

'நீரோட்டம்' வாரியத்தின் உயிர். விண்ணப்பம், மீட்டர், குழாய் எல்லாம் அந்த மென்பொருளுக்குள் இருந்தன. இருபது வருடங்களுக்கு முன் அதை எழுதிய கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை இருக்கிறது.

"ஓட வைக்க வழியே இல்லியா?"

"ஒயின்னு ஒண்ணு இருக்கு சார்."

அரிகிருஷ்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயோ, அதுவும் சாப்ட்வேர்தான் சார். நீரோட்டம் வந்து 'நீ விண்டோஸா?'ன்னு கேக்கும். இது 'ஆமா'ன்னு சொல்லும். 'சி டிரைவ் எங்க?'ன்னு கேக்கும். ஏதோ ஒரு ஃபோல்டரக் காட்டி 'இதான்'னு சொல்லும். மேல எல்லாத்துக்கும் ஆமா போட்டுட்டு, கீழ லினக்ஸ்கிட்ட வேலைய வாங்கிடும்."

"அதாவது, புளுகுது."

"சமாளிக்குது சார்."

"அப்போ நம்ம டிபார்ட்மெண்டுக்குப் பொருந்தும். போட்டுடு."

கூட்டக் குறிப்பில் மட்டும், வாரியத்தின் மாண்பு கருதி, 'திராட்சைச் சாறு நிறுவ ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்று பதிவானது.

ஆல்வின் மூன்று நாள் மல்லுக்கட்டினான். பிரிண்டர் முரண்டு பிடித்தது. எழுத்து வர வேண்டிய இடத்திலெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. திங்கள் மாலை நீரோட்டம் கண் விழித்து, நீல எழுத்தில் 'வணக்கம் ஜீவானந்தம்' என்று சொல்லிக் கடவுச்சொல் கேட்டது. அலுவலகமே கைதட்டியது.

ஜீவானந்தம் ஏழு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்ற எழுத்தர். இணைப்பு வழங்கும் உரிமை அவருடைய கணக்குக்கு மட்டும்தான் உண்டு. புதுக் கணக்கு வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு ஒரு நிரந்தர எழுத்தர் வேண்டும். வந்தவனோ ஆல்வின். ஆகவே ஜீவானந்தத்தின் கணக்கை மூடாமல், அவரிடமே கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, அந்தக் கணக்கின் வழியே அவன் வேலை பார்க்க வேண்டும் என்று அரிகிருஷ்ணன் வாய்மொழி உத்தரவு போட்டிருந்தார். வாய்மொழி உத்தரவு என்பது, போட்டவர் மறந்துபோகும் வசதி கொண்ட உத்தரவு.

துடைப்பத்தோடு நின்ற அஞ்சம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆல்வினு, கஷ்டப்பட்டது நீ. இது இன்னும் அந்தாளு பேரையே சொல்லிகினு கீது?"

"வுடுக்கா. நமக்கு நிரந்தரம் ஆனா சரி."

செவ்வாய்க்கிழமை தலைமையகத்திலிருந்து ஸ்ரீவித்யா மேடம் ஆய்வுக்கு வந்தார். ஒன்பது கணினிகளையும் பார்த்தார்.

"எக்ஸலண்ட்! எதுவுமே மாறின மாதிரி தெரியல."

நிர்வாகத்தில் ஒரு மாற்றத்துக்கு இதைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது. அரிகிருஷ்ணன் சமயம் பார்த்து ஆல்வினின் நிரந்தரக் கோப்பை நீட்டினார்.

"இவர்தான் மேடம் எல்லாம் பண்ணது. ஏழு வருஷமா இங்கதான் இருக்கார்."

"ஏழு வருஷத்துல எத்தன இணைப்பு குடுத்திருக்கார்? சிஸ்டம் ரிப்போர்ட் எடுங்க. அது இல்லாம ஃபைல் நகராது."

ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்ததும் ஆல்வின்தான். ஜீவானந்தம்: முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு. ஆல்வின் என்ற பெயரே அதில் இல்லை.

"யார் இந்த ஜீவானந்தம்?"

"ரிட்டயர்டு ஸ்டாஃப் மேடம்."

"ரிட்டயர் ஆகியும் இவ்ளோ வேலையா!"

"மேடம், அது நான்தான்" என்றான் ஆல்வின்.

"நீங்க ஜீவானந்தமா?"

"இல்ல மேடம், ஆல்வின்."

"அப்போ ஏழு வருஷமா அடுத்தவர் லாகின்ல நுழைஞ்சிருக்கீங்க? கிரிமினல் அஃபென்ஸ் அது. யார் பர்மிஷன் குடுத்தது?"

ஆல்வின் அரிகிருஷ்ணனைப் பார்த்தான். அரிகிருஷ்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

வேலை பார்த்தேன் என்றால் குற்றவாளி. பார்க்கவில்லை என்றால் தண்டச்சோறு.

"சும்மா தமாஷுக்குச் சொல்றான் மேடம்" என்று அரிகிருஷ்ணன் பெருந்தன்மையோடு அவனைக் காப்பாற்றினார்.

மேடம் கோப்பில் எழுதினார்: 'பணி ஏதும் பதிவாகவில்லை. நிராகரிக்கப்படுகிறது.' அதே பேனாவால் ஜீவானந்தத்துக்கு 'ஓய்விலும் ஓயாத உழைப்பாளர்' விருதும் எழுதினார். வெள்ளிக்கிழமை அலுவலகத்திலேயே விழா. புதிய இயங்குதளத்தில் முதல் இணைப்பை விருதாளரே தன் கையால் வழங்குவார்.

வெள்ளிக்கிழமை ஜீவானந்தம் குன்றத்தூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நேராக மேடைக்கு வந்தார். எதற்கு விருது என்று அவருக்குத் தெரியவில்லை. கொடுக்கிறார்கள் என்றால் ஏதாவது செய்திருப்போம் என்று நம்பினார். பொன்னாடை விழுந்தது. பெரிய திரையில் 'வணக்கம் ஜீவானந்தம்' என்று வந்ததும் கைதட்டலில் அலுவலகம் அதிர்ந்தது.

கீழே கடவுச்சொல்லுக்கான கட்டம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் பழைய கடவுச்சொல்லைத் தட்டினார். 'தவறு' என்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீரோட்டம் அதை மாற்றச் சொல்லும். ஏழு வருடமாக மாற்றியவன் ஆல்வின்.

மைக் உயிரோடு இருப்பது தெரியாமல், ஆல்வின் மேடை ஓரத்தில்தான் நிற்கிறான் என்ற நினைப்பில் ஜீவானந்தம் குனிந்தார்.

"தம்பி ஆல்வினு, பாஸ்வேர்டு இன்னாப்பா?"

கேள்வி பேக்கரி வரை கேட்டது. அரிகிருஷ்ணன் மேடையிலிருந்து இறங்கி ஓடினார். ஆல்வின் கடைசி பெஞ்சில், விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"வாப்பா, வந்து பாஸ்வேர்டு போடு. மானம் போவுது."

"அடுத்தவர் லாகின் சார். கிரிமினல் அஃபென்ஸ்."

"வெளையாடாத. ட்யூட்டி நேரத்துல..."

"இன்னிக்குத் தொண்ணூறாவது நாள் சார். எனக்கு ட்யூட்டி கெடையாது. நான் விசிட்டர்."

அரிகிருஷ்ணன் நம்பாமல் பதிவேட்டைப் பிடுங்கிப் பார்த்தார். பெயர்: ஆல்வின். வருகையின் நோக்கம்: வேடிக்கை.

மறுநாள் ஆல்வின் புதிதாகச் சேர வரவில்லை.

அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடியது. கோளாறு முழுக்க லினக்ஸில்தான் என்றும், திராட்சைச் சாறு நம்பத்தகுந்ததல்ல என்றும் ஏகமனதாகக் கண்டுபிடித்து, ஒன்பது கணினிகளையும் விண்டோஸுக்கே திருப்பியது. மாபெரும் இடப்பெயர்வு இரண்டாம் முறையும் வெற்றி பெற்றது. நீரோட்டம் தன் சொந்த வீட்டில், எந்தப் புளுகும் தேவைப்படாமல், சுகமாகக் கண் விழித்தது. 'வணக்கம் ஜீவானந்தம்' என்றது. கடவுச்சொல் கேட்டது.

பதில் சொல்ல நிரந்தர ஊழியர்கள் பதினோரு பேர் சுற்றி நின்றார்கள்.