சம்ப்பில் கிடந்த பார்கவிக்காக ஒரு ஜெபம்

பிரேசர் டவுன்,
செவ்வாய், ராத்திரி

அன்புள்ள மௌரீன் அக்காவுக்கு,

உன் சித்தி மகள் டீனா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. வேலூரில் உன் நர்சிங் ஹாஸ்டலில் எல்லோரும் உயிரோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. திட்ட வேண்டியவள் நான். தமிழில் எழுதக் காரணம் என் தம்பி ஜாய்சன். ஸ்கூலில் கன்னடம் எடுத்தவன், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, திருட்டுத்தனமாகப் படிக்க முடியாது.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்டபோது தெளிவாகச் சொன்னேனா இல்லையா? பொது அறிவுப் புத்தகம், இந்த வருடத்துடையது. நான் கதை படிக்கிற ஆளே இல்லை. கதை என்பது நடக்காத விஷயம், அதை எந்த க்விஸ்ஸில் கேட்பார்கள்? நீ அனுப்பியது அட்டையெல்லாம் ரத்தமாக ஒரு கொலைக் கதை, என் வயதுப் பெண்கள் நாலு பேர் துப்பறிகிற கதை. "முதல் பக்கம் மட்டும் படிச்சுப் பாருடி" என்று உள்ளே எழுதி வேறு வைத்திருக்கிறாய். மரியாதைக்காகப் படித்தேன். மலைமேல் ஒரு ஹாஸ்டல், தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, எங்கள் வீட்டு சம்ப் மாதிரியே இரும்பு மூடி, மூடியைத் தூக்கினால் உள்ளே பார்கவி, செத்துப்போய். அதற்கப்புறம் புத்தகத்தை மூடி வைக்க யாரால் முடியும், நீயே சொல். க்விஸ்ஸுக்கு ஒரு வரி படிக்கவில்லை. எல்லாம் உன்னால்.

இங்கே காவேரித் தண்ணீர் ராத்திரியில்தான் வரும். சம்ப் மூடியைத் தூக்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது யார் வேலை? என் வேலை. அப்பாவுக்கு பொம்மசந்திரா ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். பாதி தூக்கினேன், உள்ளே உருண்டையாக ஏதோ மிதந்தது, நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் லைட் எரிந்தது. மிதந்தது ஜாய்சனின் டென்னிஸ் பந்து. "ஏய் லூசு, பந்தை எடுத்துக் குடுத்துட்டுக் கத்து" என்கிறான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்லிக்கொண்டு வந்தோம். ஜாய்சன் வழக்கம்போல கிரிக்கெட் பேட் கேட்டான். என் முறை. கண்ணை மூடினால் எனக்கு இப்போதெல்லாம் சம்ப்தான் தெரிகிறது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஆண்டவரே, ஹாஸ்டல்ல செத்துப்போன பார்கவியோட அம்மாவுக்கு ஆறுதல் கொடும், கொன்னவனைச் சீக்கிரம் காட்டிக்கொடும்." ஆமென் சொல்லும் முன்பே அம்மா கண்ணைத் திறந்துவிட்டார்கள். "எந்தப் பார்கவிடீ? உன் கூடப் படிச்சவளா?" இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. பார்கவிக்காக நிஜ அழுகை, அக்கா. "ஐயோ, புள்ளைக்குப் பேச்சே வரல" என்று அம்மா உடனே பவுலின் ஆன்ட்டிக்கு ஃபோன்.

பவுலின் ஆன்ட்டி எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அவர் காதில் விழுந்தது மைக்கில் விழுந்த மாதிரி. ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் பார்கவியின் பெயரைச் சொல்லி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நானும் நின்றேன், வேறென்ன செய்ய? வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லோரும் உபவாசம். அம்மா காபிகூடக் குடிக்கவில்லை. இப்போது பவுலின் ஆன்ட்டி வேன் பேசி, ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார், வருகிற சனிக்கிழமை துக்க வீட்டுக்குப் போக. தினமும் ஃபோன் பண்ணி, "டீனா கண்ணு, அட்ரஸ் கேட்டியாம்மா?" என்கிறார். நான் எந்த அட்ரஸைக் கொடுப்பது? பார்கவி வீடு வருகிற நூற்றி நாற்பதாம் பக்கத்தையா? உண்மையைச் சொன்னால் ஜெபத்தில் பொய் சொன்ன பெண் என்று சபை முழுக்கச் சொல்லும், அம்மா இனி தலை நிமிர்ந்து கோயிலுக்குள் போக முடியாது.

பயத்தில் புத்தகத்தைக் கிறிஸ்துமஸ் ஜோடனைப் பெட்டிக்குள் போட்டுப் பரணில் வைத்துவிட்டேன். ஹாஸ்டலில் கரண்ட் போய், நாலு பெண்களும் சம்ப் மூடி திறக்கிற சத்தத்தைக் கேட்கிற இடத்தில் நிறுத்தினேன். படிக்கவும் முடியவில்லை, படிக்காமல் தூங்கவும் முடியவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் ஃபோன் பண்ணிக் கொன்றது யார் என்று சொல். ஃபோன் ஹாலில் இருக்கிறது, அம்மா காதை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், அதனால் சாடையாகச் சொல். கதையில் சந்தேகப்படும்படி மூன்று பேர். டாக்டர் என்றால் இருமு. வார்டன் என்றால் ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று சொல். நீச்சல் மாஸ்டர் என்றால் ஜலதோஷம் என்று தும்மு. சனிக்கிழமை முதல் ரயிலில் வந்து பவுலின் ஆன்ட்டியிடம் நீயே பேசு. நீ மூட்டின நெருப்பு, நீயே அணை.

ஆண்டவர் உன்னையும் உன் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியையும் காப்பாராக. இந்த ஜென்மத்தில் எனக்கு இனிமேல் கதைப் புத்தகம் அனுப்பாதே.

கோபம் தீராத தங்கை,
டீனா

பி.கு.: புதன் காலை. கவரை ஒட்ட ஒரு பருக்கை சோறு எடுக்கச் சமையலறைக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, பக்கத்திலேயே நின்று அம்மா என் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் பெட்டியை ஆகஸ்ட் மாதத்தில் ஏன் இறக்கினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "இந்தப் பார்கவிக்காகவாடீ நான் காபி குடிக்காம கெடந்தேன்?" நிமிராமலே கேட்டார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஸ்ஸ், கரண்ட் போயிருச்சு, மூடி திறக்குற சத்தம் கேக்குது." சனிக்கிழமை என்னம்மா செய்வது என்றேன். "பவுலின் வரட்டும், நான் சொல்லிக்கிறேன். அவளுக்கும் இது புடிக்கும். ஹார்லிக்ஸ் நமக்குத்தான்."

ஆகவே அக்கா, மேலே எழுதியது எதையும் செய்யாதே. ஃபோன் பண்ணாதே. தப்பித்தவறிப் பண்ணினால் இருமாதே, தும்மாதே, சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்காதே. அந்த நாலு பெண்களும் துப்பறிகிற அடுத்த புத்தகம் இருந்தால் உடனே அனுப்பு, இரண்டாக அனுப்பு, அம்மா எனக்குத் தர மாட்டார்கள். நீச்சல் மாஸ்டர்தான் கொன்றார் என்பது அம்மாவின் முடிவு. அவர் மனந்திரும்ப வேண்டும் என்று இன்று ராத்திரி ஜெபம் பண்ணப் போகிறார்களாம். எனக்கு டாக்டர் மேல்தான் சந்தேகம், ஆமென் சொல்ல மாட்டேன்.