குறட்டைக்கு வந்த அத்தாட்சி அட்டை

மரியாதைக்குரிய காது மூக்கு தொண்டை மருத்துவர் அவர்களுக்கு, தங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. அதைத்தான் தாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் முழுக்கப் பரப்பிவிட்டீர்களே. உன்னை 'தாங்கள்' என்று எழுதுவதிலிருந்தே எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குப் புரிந்திருக்கும். மரியாதை இதோடு தீர்ந்தது. இனிமேல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கூட்டத்துக்கு நானாகவா வந்தேன்? குடிநீர் நிலையத்தில் பம்பு பார்த்து ஓய்வு பெற்று, மொட்டைமாடியில் ஒரு ஆண்டெனா, அறையில் ஒரு ஹாம் ரேடியோ என்று வைத்துக்கொண்டு, முகம் தெரியாத நாலு பேரோடு மழை வெயில் பேசி நிம்மதியாக இருந்தவன் நான். நீதான் வந்து நின்றாய். "அத்தான், நாங்க டாக்டருங்க சில பேரு லைசென்ஸ் வாங்கியிருக்கோம். ஞாயித்துக்கிழமை காலையில ரேடியோவுல கூடி ஆரோக்கியத்தப் பத்திப் பேசுறோம். ஒருத்தரும் ஒருத்தரைப் பேச விட மாட்டேங்கிறாங்க. மேய்க்க ஒரு ஆள் வேணும்" என்றாய். வந்து பார்த்தால், மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் பேச முடியும், விட்டால்தான் கேட்க முடியும், ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் வாய் அடைத்த மாதிரிதான் என்கிற அரிச்சுவடிகூட உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பல் டாக்டர் பொத்தானை அழுத்திய பிறகுதான் என்ன பேசலாம் என்று யோசிக்கவே ஆரம்பிப்பார். "பேசியாச்சுன்னா பொத்தானை விடுங்க" என்று வாரா வாரம் தொண்டை கிழியக் கத்தி, 'பொத்தான் மாமா' என்று பட்டப்பெயர் வாங்கியதுதான் எனக்குக் கிடைத்த கூலி.

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு நடந்ததற்கு எலும்பு டாக்டர்தான் முழுப் பொறுப்பு. நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசினார். எதற்கு நடக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், நடக்காதவன் கதி என்ன என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் உன் வீடு வரை நடந்தே போய்த் திரும்பியிருக்கலாம். கண் அசந்துவிட்டது. எவனுக்குத்தான் அசராது? கையிலிருந்த மைக் நழுவி, நாற்காலிக் கைப்பிடிக்கும் என் தொடைக்கும் நடுவில் சிக்கி, பொத்தான் அழுந்திக்கொண்டது. அதிக நேரம் அழுத்தியபடியே இருந்தால் தானாகவே அணைந்துவிடும் வசதி என் ரேடியோவில் உண்டு. நான் பேசும்போது பாதியில் அறுத்துவிடுகிறதே என்று அதை நான்தான் எடுத்துவிட்டிருந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை, இதை நீ யாரிடமும் சொல்லாதே. போனில் கூப்பிட்டுப் பார்த்தீர்களாம். கூட்டம் நடக்கும்போது எல்லாரும் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவனே நான், நான் எப்படி எடுப்பேன்?

நாலு பெரிய மனிதர்கள் இருக்கும் கூட்டம் என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? பாவம் அசந்துவிட்டார் என்று ரேடியோவை அணைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டீர்கள். குறட்டை நடுவில் நின்று நின்று வந்ததாம். இதய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாராம். பல் டாக்டர்கூட வாயைத் திறக்கவில்லையாம். நான் விழித்துப் பொத்தானை விட்டதும், "கொஞ்சம் இடைஞ்சல், தொடரலாம்" என்று ஒன்றுமே நடக்காத மாதிரி சொன்னாயே, அந்த நடிப்புக்கு உனக்குப் பட்டம் கொடுக்கலாம். நானும் கண் மூடித் திறக்கும் நேரம்தான் என்று நம்பித் தொலைத்தேன்.

போன ஞாயிறு ரேடியோவில் வந்தாய். "இன்னைக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு போறதைப் பத்திப் பேசலாம். ஒருத்தரோட பதிவு இருக்கு, போடட்டுமா அத்தான்?" என்றாய். நடத்துகிறவன் என்ற முறையில் நானே அனுமதி கொடுத்தேன். "ஒலி தெளிவா இருக்கு, மேல போங்க" என்று நற்சான்றிதழும் கொடுத்தேன். மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, நின்றது, வரவே இல்லை, பிறகு தொண்டையில் கல் உருண்ட மாதிரி ஒரு இழுப்போடு திரும்ப வந்தது. யாரோ புண்ணியவான், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். தன் குறட்டையை எவன் கேட்டிருக்கிறான்? அப்புறம்தான் உன் அக்கா குரல் வந்தது.

"என்னங்க... ஏங்க, மூச்சு விடுங்க." தொம் என்று ஒரு இடி. "ஏண்டி இடிக்கிற? மனுஷன் நிம்மதியாத் தூங்க வேணாமா?" இது நான், தூக்கக் கலக்கத்தில். அப்புறம் அவள் யாரிடமும் இல்லாமல் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாள்: "நான் ஒரு நாள் அசந்து தூங்கிட்டா இந்த மனுஷன் கதி என்னன்னு தெரியல."

திரும்பிப் பார்த்தேன். அவள் வாசற்படியில் கையில் துணிக்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் ரேடியோவை அணைத்தேன். விடைபெறாமல் நான் கூட்டத்தை விட்டது அதுதான் முதல் தடவை. குடும்பத்தில் நடப்பதை இப்படியா சந்தியில் இழுத்து விடுவது? எனக்கு வயிறு எரிகிறது. கட்டிய நாள் முதல் இவள் முழங்கையால் இடித்து இடித்து என் தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று உன்னிடமே எத்தனை முறை புலம்பியிருப்பேன்? நீயும் "அக்கா கை கொஞ்சம் நீளம்தான் அத்தான்" என்று சிரிப்பாயே. இப்போது இத்தனை பேர் முன்னால் நான் என்ன ஆனேன்?

"பேரைச் சொல்லலையே" என்கிறாய். பெயர் வேறு வேண்டுமா? மருந்துக் கடையில் போய் நின்றால், உங்களில் எந்த டாக்டர் சொன்னாரோ, கடைக்காரர் சத்தமாக, "சார், நேத்து மூச்சு ஒழுங்கா வந்துச்சா?" என்கிறார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என் மார்பைப் பார்க்கிறார்கள். பிறர் மானம் கப்பலேறும். என் மானம் காற்றிலேயே ஏறிவிட்டது. நேற்று அவசரத் தபாலில் ஒரு அட்டை வந்தது. நம் குரலை ரேடியோவில் கேட்டவர்கள், அது தங்கள் ஊர் வரை எட்டியது என்று அத்தாட்சி அட்டை அனுப்பும் வழக்கம் உனக்குத் தெரியும். கடல் தாண்டி ஒரு அட்டை வராதா என்று எத்தனை காலம் தவம் கிடந்தேன் என்பதும் தெரியும். வந்தேவிட்டது. 'தங்கள் ஒலிபரப்பு மிகத் தெளிவு, வலிமை உச்சம். மொழிதான் புரியவில்லை. இவ்வளவு நிதானமாக இடைவெளி விட்டுப் பேசும் மொழி எது என்று தெரிவித்தால் மகிழ்வேன்' என்று எழுதியிருக்கிறார். இதை எந்தச் சுவரில் நான் மாட்டுவது?

ஆகவே கேட்டுக்கொள். உங்கள் கூட்டத்தை இனி நான் நடத்த மாட்டேன். அந்தப் பதிவை உடனே அழித்துவிட வேண்டும், ஒரு துளி மிச்சம் இருக்கக் கூடாது. வியாழக்கிழமை தூக்கப் பரிசோதனைக்கு வா, மூக்கில் மாட்ட ஒரு மெஷின் தருகிறேன் என்றாயே, அதற்கும் வர மாட்டேன். ஆயுள் முழுக்கப் பம்புக்குக் குழாய் மாட்டியவன், கடைசியில் நானே குழாய் மாட்டிக்கொண்டு படுப்பதா? மூச்சு நின்றால் நிற்கட்டும். அது என் மூச்சு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அவர்கள் நீண்ட ஆயுளோடு வாழட்டும். உனக்கு ஆசி கிடையாது.

இப்படிக்கு,
கோபம் தணியாத
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக் கூடத்துக்குப் போனேன். உன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்குகிறாள். பாதி மடித்த சட்டை மடியில் கிடக்கிறது. பகலில் இப்படிச் சாயும்போதெல்லாம் 'சோம்பேறி' என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது பசை டப்பாவைத் திறக்கும் சத்தத்தில் எழுந்துவிடப் போகிறாளே என்று திறக்காமல் நிற்கிறேன். மச்சான், வியாழக்கிழமை நான் வந்துவிடுகிறேன். மெஷினை எடுத்து வை, எவ்வளவு பெரிய குழாயாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பல் டாக்டரை யார் அடக்குவது. அந்தப் பதிவை அழித்துவிடாதே. என் குறட்டையை வெட்டிப் போட்டுவிட்டு, அவள் பேசும் இடத்தை மட்டும் எனக்கு அனுப்பு. நேரில் கேட்டால் அவள் அதை இன்னொரு தடவை சொல்ல மாட்டாள்.