மாப்பிள்ளையின் ஸ்பிரிங்கும் மகளின் வளையல்களும்

கோவில்பதாகை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை கிரண் அவர்களுக்கு, மாமனார் உலகநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை வரலட்சுமியும் சௌக்கியம். ஒன்பதாம் மாதத்தில் கால் வைத்துவிட்ட சித்ராவும் சௌக்கியம். புனேயில் உங்கள் பயிற்சி நல்லபடியாக நடக்கவும், அந்த ஊர்ச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவும் அத்தை தினமும் வேண்டிக்கொள்கிறாள். போனில் சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைப்பீர்கள். போனில் என்றால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

விஷயம் உங்கள் கார். வளைகாப்பு முடிந்த கையோடு நீங்கள் புனே கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "மாமா, வண்டியை ஓட்டுங்க, வேற எதையும் தொட்டுடாதீங்க" என்றீர்கள். தொட்டுவிட்டேன். ஏன் தொட்டேன் என்பதைப் பொறுமையாகப் படிக்கவும். அன்றைக்கே சித்ராவைப் பூந்தமல்லியில் உங்கள் வீட்டிலிருந்து இங்கே அழைத்து வந்தேன் அல்லவா, இரண்டு கைக்கும் சேர்த்து இருபத்தொரு கண்ணாடி வளையல். பிரசவம் வரைக்கும் அது கையில் குலுங்கணும், உள்ளே இருக்கும் பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வளரும் என்று உங்கள் அம்மா சொல்லி அனுப்பினார்கள். நான் என் வழக்கப்படி முப்பது கிலோமீட்டர் வேகம், கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. முதல் வேகத்தடையில் வண்டி எங்களைக் கூரைக்குத் தூக்கியது. அவள் கை கதவில் மோதி இரண்டு வளையல் உடைந்தது. வீட்டுக்கு வந்து எண்ணினால் பத்தொன்பது. அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். போன வருஷம் அவளுடைய மூன்றாம் மாதத்தில் நாம் எல்லோரும் அழுதது உங்களுக்கும் மறந்திருக்காது. நாம் அதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான். உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நான் பயந்துபோனேன் மாப்பிள்ளை, அதை மறைப்பானேன்.

குனிந்து பார்த்தால் வண்டி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. வளைவில் பிடித்துக்கொண்டு போகும் என்று இரண்டு விரற்கடை குட்டையான ஸ்பிரிங்கும், அப்பளம் கனத்துக்கு டயரும் நீங்களே ஆசைப்பட்டுப் போட்டது. ஆவடியில் முப்பத்தோரு வருஷம் ராணுவ டேங்குக்கு சஸ்பென்ஷன் பரிசோதித்தவன் நான். நாற்பது டன்னைத் தாங்க வைத்தவனுக்கு நாற்பத்தெட்டுக் கிலோ மகளைத் தாங்க வைக்க முடியாதா என்று ஒரு திமிர். எதிர்வீட்டு யூசுப், வெல்டிங் செக்‌ஷனில் இருந்தவர். அடுத்த தெரு பால்ராஜ், என்னோடு அதே பிரிவில் ரிட்டயர் ஆனவர். இரண்டு பேரும் நான் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். மூன்று பேரும் பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்தோம். படுத்தது சுலபம், எழுந்திருக்கத்தான் அத்தை வர வேண்டியிருந்தது.

மண்ணூர்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் தமிழரசு உங்கள் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, வளைவுல சும்மா ஒட்டிகினு போற டயரு. நம்ம ரோட்ல வளைவா கீது? பள்ளம்தான் கீது" என்றார். சரி, சக்கரத்தைச் சின்னதாக்கி டயரைக் கனமாக்கு என்று முடிவாயிற்று. அதில் எவ்வளவு காற்று என்று அவர் கேட்டார் பாருங்கள், நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டேங்குக்கு ஏது டயர் மாப்பிள்ளை? இரும்புப் பட்டைதான். ஆளுக்கு முப்பது வருஷ சர்வீஸ், காற்றைப் பற்றி ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. அதைத் தமிழரசு முன்னால் ஒத்துக்கொள்ளவும் மனசு வரலை. பால்ராஜ் ஒரு நம்பர் சொன்னார், யூசுப் ஒரு நம்பர் சொன்னார், நான் நடுவில் ஒன்று சொன்னேன்.

ஸ்பிரிங்கும் மிருதுவாக இருக்கட்டும் என்று யூசுப் எங்கிருந்தோ வேறு வண்டி ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்து வந்தார். பெண்ணை ஏற்றுவதற்கு முன்னால் முறைப்படி சோதனை. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டோம். மூட்டை மேல் அத்தையின் சப்பாத்திக் கட்டையைக் கட்டி, அதில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் மாட்டினோம். பேக்டரி விதிப்படி மேட்டில் வேகத்தைக் குறைத்தால் அந்தச் சோதனை செல்லாது. அதனால் அதே முப்பதில் எட்டு வேகத்தடை ஏற்றி இறக்கினேன். ஒரு வளையலும் உடையவில்லை. மூன்று பேரும் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆனால் எங்கள் தெருவில் வளைவு கிடையாது என்பது ரிப்போர்ட்டில் விட்டுப்போச்சு. அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போகும்போது முதல் திருப்பத்திலேயே வண்டி கள்ளு குடித்தவன் மாதிரி சாய்ந்தது. சித்ரா கவரில் வாந்தி எடுத்தாள். கைப்பிடியைத் தாவிப் பிடித்ததில் வளையல் ஒன்று போச்சு. பதினெட்டு.

சாய்வதுதானே குற்றம், சாயாமல் இருக்க இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியைக் கனமாகப் போடணும் என்றார் பால்ராஜ். போட்டோம். சாயவில்லை. ஆனால் இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலதும் கூடவே ஆடுது. ஒரு சம்பந்தி கோவிச்சுக்கிட்டா இன்னொரு சம்பந்தியும் எழுந்திருக்கிற கல்யாணம் மாதிரி. அடுத்த செக்கப்புக்குப் போய்வந்ததில் மூணு வளையல். பதினைஞ்சு. டாக்டரம்மா வேற, குலுக்காம கூட்டிக்கிட்டு வாங்கன்னு என்னைப் பார்த்துச் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி அத்தை எனக்குத் தோசை வார்த்துப் போட்டா, சட்னி வைக்கலை. யூசுப்புக்கும் பால்ராஜுக்கும் ஸ்பிரிங்கா டயரான்னு சண்டை வந்து பேச்சு வார்த்தை நின்னுபோச்சு. நடுவுல நான் இடுப்புப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். அலுத்துப்போச்சு மாப்பிள்ளை.

கடைசியில் உங்கள் ஸ்பிரிங்கு, உங்கள் டயர், உங்கள் கம்பி எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டிவிட்டேன். நேற்று மாலையோடு வண்டி நீங்கள் விட்டுப்போன நிலையில்தான் நிற்கிறது. முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் நான் கண்ட முடிவைத் தயங்காமல் எழுதுகிறேன், கோபப்படக் கூடாது. குற்றம் முழுக்க உங்கள் ஸ்பிரிங்கில்தான். பந்தயத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினதில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற முடியாது. ஆகவே அடுத்த மாதம் நீங்கள் வந்ததும் இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு, உயரமான, அடக்கமான வண்டி ஒன்று வாங்கவும். பெரியவன் சொல்கிறேன், பெண்ணைப் பெற்றவன் கேட்கிறேன், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். வளையல் கணக்கு அவர்கள் காதுக்குப் போக வேண்டாம். நீங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று, சீக்கிரமே கையில் பிள்ளையோடு எங்கள் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமனார்,
உலகநாதன்.

பி.கு: ஞாயிற்றுக்கிழமை எழுதியதை இன்றுவரை தபாலில் சேர்க்க முடியவில்லை, இடுப்பு விடவில்லை. இன்று புதன், செக்கப் நாள். யூசுப்பின் மனைவி ஜமீலாதான் உங்கள் காரை எடுத்துப் போனார்கள். அதே ஸ்பிரிங்கு, அதே டயர். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் முதலில் வளையலைத்தான் எண்ணினேன், பதினைந்தும் இருந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். போகும்போது சித்ரா தூங்கிவிட்டாளாம். என்னம்மா மாயம் என்று கேட்டேன்.

"வண்டில ஒண்ணும் இல்லப்பா. ஜமீலா அக்கா ஸ்பீட் பிரேக்கர் வந்தா பிரேக் போடுறாங்க" என்றாள்.

முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எனக்காக மூணு பேரும் வண்டிக்கு அடியில படுத்திருந்தீங்க. எப்படிப்பா சொல்றது?"

சாவி இனி ஜமீலாவிடம் இருக்கும். மறுபடி உட்கார்ந்து எழுதத் தெம்பில்லை. மேலே இருப்பதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடவும்.