வெள்ளைப் படகு வேண்டாம், மருமகனே

தச்சநல்லூர்
புதன்கிழமை, காலைக் காப்பிக்குப் பின்

மஸ்கட்டில் கடலோரம் வாசம் செய்யும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி குமரகுருபரனுக்கு, தாய்மாமன் காந்திமதிநாதன் ஆசி கூறி எழுதுவது. நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். இவ்விடம் நானும் உன் அத்தை பார்வதியும் என் மகள் பிருந்தாவும் சௌக்கியம். படகு சௌக்கியமாக இல்லை. பதினொரு நிமிஷம் நான் பேசி அனுப்பும் குரல் பதிவுகளை நீ கேட்பதில்லை என்று தெரிந்துகொண்டதால் கைப்பட எழுதுகிறேன். சாயங்காலம் பிருந்தா வேலைவிட்டு வந்ததும் படம் பிடித்து அனுப்புவாள். பிழை இருந்தால் அது போனின் பிழை.

நீ அங்கே வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாய். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே அந்தப் பழைய குவாரிக் குளத்தில், படகு கயிற்றால் இழுக்க ஆள் பின்னால் வழுக்கிப் போகிற தண்ணீர்ச்சறுக்குப் பள்ளி தொடங்கப்போகிறாய். மாதக் கடைசிக்குள் படகு வந்து நிற்காவிட்டால் குளத்துக்காரர் இடத்தை மீன் வளர்ப்பவருக்குக் கொடுத்துவிடுவார். படகுக்காரர் இன்பமணிக்கோ வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். "எஞ்சினைப் பாருங்க, அடியைத் தட்டிப் பாருங்க, நாலு போட்டோ எடுத்து அனுப்புங்க, வேற ஒண்ணும் செஞ்சிராதீய மாமா" என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. கடைசி வாக்கியத்தை உன் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை இன்பமணி தூத்துக்குடியிலிருந்து அந்த வெள்ளைப் படகை ட்ரெயிலரில் ஏற்றிச் சீவலப்பேரி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார். மூடிப்போன ஒரு கடற்கரை விடுதியிலிருந்து அவர் எடுத்த படகு. எனக்குத் துணையாக மேலப்பாளையம் மெக்கானிக் மீரா முகைதீனை அழைத்துப் போனேன். அந்தக் காலத்தில் நாற்பது பம்புசெட்டுக்கு நான் தனி ஆளாக வைத்தியம் பார்த்தபோது எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர். நான்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன் என்று அவர் சொல்லுவார். வயதாகிவிட்டது, பாவம்.

எஞ்சின் படகின் நடு வயிற்றில் இருக்கிறது. இழுக்கிற கயிற்றையும் அங்கனயே கட்டுவது. அதனால் பின்னால் எழும்பும் அலை சின்னது, சறுக்குகிறவன் மூக்கு உடையாது. கொச்சியில் நீ பார்த்த நீலப் படகுக்கு எஞ்சின் பின்பக்கம், அலை மலைபோல. இதை நீதான் போனில் எனக்கு விளக்கினாய் என்றாலும் நீ விளக்குமுன்பே நான் தலையாட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பாய். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பால்காப்பி நிறத்தில் இருக்கும், இது நல்ல கடுங்காப்பி. முகைதீன் எட்டு சிலிண்டருக்கும் அழுத்தம் பார்த்தார். "எட்டும் ஒரு தாய் பிள்ளை மாதிரி இருக்கு, அண்ணாச்சி. உப்புத்தண்ணி உள்ள போகவே இல்ல" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன், அவர் முந்திக்கொண்டார். பிறகு காருகுறிச்சியில் பானை வாங்குகிற மாதிரி ஒரு ரூபாய்க் காசால் மூக்கிலிருந்து வால்வரை அடிப்பாகத்தைத் தட்டினேன். எல்லா இடத்திலும் டங் டங் என்றது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பழைய சாமான் அவ்வளவு ஒழுங்காகப் பேசக்கூடாது.

அடுத்தது பூசை. வாங்காத படகுக்கு எதற்குப் பூசை என்று கேட்பாய். பெண் பார்க்கப் போகையிலும் பூ கொண்டு போவதில்லையா? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன், அப்போதுதான் உறைத்தது. சக்கரம் ட்ரெயிலருடையது, பலனும் ட்ரெயிலருக்குத்தான் போகும். சரி என்று நாலு பழத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அவற்றின் மேல் படகை இறக்கச் சொன்னேன். பழங்கள் பைய விலகி வழிவிட்டன. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் சாமிக்கே கூச்சம் வந்திருக்கும். படகைத் திரும்ப மேலே இழுக்கச் செய்து, தேங்காய் உடைத்து, ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துப் படகுக்குள்ளேயே ஊற்றி அபிஷேகம் முடித்தேன். அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டுமே. இன்பமணி பின்பக்கம் அடியில் ஒரு பித்தளைத் திருகைக் காட்டினார். அதைக் கழற்றினால் உள்ளே நிற்கிற தண்ணீரெல்லாம் வடிந்துவிடும். நானே கழற்றினேன், வடிந்தது. நானே திரும்பப் போட்டு மூன்று சுற்று இறுக்கினேன். இந்த இடத்தைக் கவனமாகப் படி.

இறக்கும்போது இன்பமணி ஒருதரம் கேட்கவும் கேட்டார்: "திருகைத் திருப்பிப் போட்டாச்சா, அண்ணாச்சி?"

"மூணு சுத்து, வே. நாலாவது சுத்தினா படகே திரும்பிரும்" என்றேன்.

இன்பமணி கரையில் நிற்க, நானும் முகைதீனும் ஏறினோம். முகைதீன் ஓட்டினார், நான் கை காட்டினேன். படகு பறந்தது. சிற்றாறு வந்து சேருகிற இடத்தில் எருமைகள் எங்களுக்கு எழுந்து நின்று மரியாதை செய்தன. ஓடினவரைக்கும் உள்ளே ஒரு சொட்டு இல்லை, மருமகனே. ஆற்று நடுவில் நிறுத்தி, நான் எழுந்து நின்று கரைக்குக் கும்பிடு போட்டேன், அப்போது என் செருப்பு மிதந்தது. பூசைப் பையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்கள் என் கணுக்காலைப் பிரதட்சிணம் வந்தன. தண்ணீரை வெளியே துப்பும் சின்ன மோட்டார் தன்னால் ஆனதைத் துப்பிற்று. "எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, படகுதான் குனியுது" என்றார் முகைதீன், மிகவும் நிதானமாக. கரையில் எவனோ ஒருவன், "ஏலே, கப்பல் முங்குது, வந்து பாருங்கலே" என்று ஊரைக் கூட்டினான். திரும்ப முடுக்கினால் தண்ணீர் இறங்குகிறது, நிறுத்தினால் ஊறுகிறது. இப்படியொரு குணம் எந்தப் படகுக்கும் உண்டா? ஒரே மூச்சில் ஓட்டிவந்து மணலில் ஏற்றினோம். எஞ்சின் வரை தண்ணீர் ஏறவில்லை. என் வேட்டி வரை ஏறியது.

பின்பக்கம் குனிந்து பார்த்தால் துளை காலி. நான் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: துளையின் திருகுமரை தேய்ந்து, அடிப்பாகம் உளுத்து, மூன்று சுற்று இறுக்கிய திருகே வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போகிறது என்றால் இது படகு இல்லை, சல்லடை. இன்பமணி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஐம்பத்தைந்து வயசு மனுஷன், அந்தத் திருகைத் தேடி இரண்டு மணி நேரம் ஆற்றில் முங்கி முங்கி எழுந்தார். கிடைத்தது ஒரு சோப்புப் பெட்டி.

ஆகையால் வெள்ளைப் படகு வேண்டாம். கொச்சிக்காரருக்கு இன்றே சொல்லி நீலத்தை எடுத்துவிடு. அதன் தளம் கால் வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றாய். கால் வைக்காமல் ஓட்டு. பள்ளி நன்றாக நடக்கட்டும், சறுக்குகிற பிள்ளைகள் நேராக நிற்கட்டும், உனக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமையட்டும் என்று நெல்லையப்பரை வேண்டுகிறேன். உன் அம்மாவிடம் மாமா ஆற்றில் விழவில்லை என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் நன்மையே நினைக்கும் தாய்மாமன்,
காந்திமதிநாதன்

பின்குறிப்பு. அதே புதன், விளக்கேற்றும் நேரம். இன்பமணி சற்றுமுன் ஒரு டப்பா தூத்துக்குடி மக்ரூனோடு வீட்டுக்கு வந்தார். ஆற்றில் முங்கிய கண் இன்னும் சிவப்பு. படகை அறுத்துப் போட்டுவிட்டு எஞ்சினை மட்டும் தனியாக விற்கப்போகிறாராம். "பிள்ளைகள் ஏறுத படகு. ஒண்ணு முங்கிட்டா நான் எங்கன போய் நிக்க?" என்றார். நான் ஆறுதலாக இரண்டு மக்ரூன் தின்றேன். அப்போது பூசையறையில் அத்தை விளக்கை ஏற்றினாள். இன்பமணி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, அது என்ன சாமி?"

பிள்ளையாருக்குப் பக்கத்தில், குங்குமம் இட்டு, தலையில் ஒரு செம்பருத்தியோடு, பித்தளையில், மரையெல்லாம் பளபளவென்று.

"நேத்து இவுக கொண்டாந்த பிரசாதப் பையில, தேங்காமூடி கூட இருந்துச்சு" என்றாள் அத்தை. "பிள்ளையாரா லிங்கமான்னு தெரியல. ரெண்டுக்கும் பொதுவா பூ வச்சிருக்கேன்."

இன்பமணி சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. நான் மக்ரூன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். படகை அறுக்க மாட்டார், வெள்ளிக்கிழமை வரை உனக்காகக் காத்திருப்பார். வெள்ளையையே எடு, மருமகனே, அதைவிட நல்ல அடிப்பாகம் இந்த ஜில்லாவில் இல்லை. திருகை மட்டும் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்துதான் தருவேன் என்கிறாள் உன் அத்தை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். எல்லாம் நடந்ததுதான். அந்த மூன்று சுற்று மட்டும் நான் இட்டுக்கட்டியது.