சமாதானக்காரர் ஓய்வெடுக்கிறார்

மனிதர்களில் சமாதானக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இரண்டு பேர் சண்டை போட்டால் நமக்குத் தலை வலிக்கும். இவர்களுக்குப் பசி எடுக்கும். கடல் கடந்து பிழைக்கப் போன இடத்தில் இந்த இனம் எப்படிச் செழித்தது என்பதை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாக்காப் பக்கத்துத் தோட்டங்களில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ரெம்பியா என்ற ஊருக்கு அருகே ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிய மருதமுத்து, இந்த இனத்தின் தலைமகன். குழாயடியில் யார் குடம் முந்தியது, யார் வீட்டுக் கோழி யார் வீட்டுக் கீரையைக் கொத்தியது, கல்யாணப் பந்தியில் யார் இலைக்கு அப்பளம் வரவில்லை என்று எந்தத் தகராறு கிளம்பினாலும், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்று, "ரெண்டு பேரும் என்னைப் பாருங்க" என்பார். இரண்டு வீட்டிலும் காப்பி வரும். சண்டை ஆறுகிறதோ இல்லையோ, காப்பி ஆறுவதற்குள் குடித்துவிடுவார்.

இப்படி ஊருக்காகக் கத்திக் கத்தி ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது.

"வழக்குப் பார்த்தது போதும். மலாக்காவுல உங்க தங்கச்சி வீட்டுல வாயை மூடிக்கிட்டு, கொஞ்ச நாள் கடக்காத்து வாங்குங்க" என்று மனைவி வேலாயி பஸ் ஏற்றிவிட்டாள். ஓய்வு யாருக்கு என்று அவள் சொல்லவில்லை.

தங்கை முனியாயியும் பக்கத்து அறைப் பெத்தம்மாளும் கூட்டாகத் தோசைக்கடை நடத்தினார்கள். ஆட்டுக்கல் இவளுடையது; தோசைக்கல் அவளுடையது. விடிந்தால் சிரிப்பு, பொழுதடைந்தால் சிரிப்பு. மருதமுத்து கடற்கரையில் போய் உட்கார்ந்தார். அலைகள்கூட மோதிக்கொண்டு, யாரையும் கேட்காமல் தாமே சமாதானமாகிப் போயின. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலை, சட்னி அரைத்துக்கொண்டிருந்த தங்கையிடம் மெல்லக் கேட்டார்.

"பெத்தம்மா பேசுறதையெல்லாம் நீ மனசுல வச்சுக்கலைதானே?"

"என்ன பேசிச்சு?"

"ஒண்ணுமில்ல. விடு. நீதான் பொறுத்துப் போவணும்."

பெத்தம்மாளுக்கும் அதே மருந்தை அதே அளவில் கொடுத்தார்.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போனார்கள். பெத்தம்மாள் வேறு இடம் பார்த்து, தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றத் தொடங்கினாள். முனியாயி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். மருதமுத்துவுக்கோ தொண்டை திறந்தது. முகத்தில் களை வந்தது. துண்டு தோளுக்கு ஏறியது.

"ரெண்டு பேரும் என்னைப் பாருங்க."

இருவரும் பார்த்தார்கள்.

"நான் உன்னைப் பேசுனேன்னு யாருடி சொன்னா?" என்றாள் பெத்தம்மாள்.

"அண்ணந்தான். உனக்கு?"

"உங்க அண்ணந்தான்."

வண்டிக்காரன்கூட மாட்டைத் தடவுவதை நிறுத்திவிட்டான்.

"நான் நல்லதுக்குத்தான்..."

"சும்மா இருங்க லா, அண்ணே" என்றாள் முனியாயி, அந்த ஊர் இழுவையில்.

வண்டியிலிருந்து சாமான்கள் இறங்கின. மருதமுத்து ஏறினார்.

தோட்டத்தில் வேலாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முகம் தெளிஞ்சிருக்கே. தங்கச்சி எப்படி இருக்கு?"

"ரெண்டு பேரும் பிரிய இருந்தாங்க. நான் போனதால ஒண்ணா இருக்காங்க" என்றார் அவர். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒற்றுமையாக இருக்கும் இருவரைக் கண்டு உங்கள் நாக்கு அரித்ததே இல்லை என்கிறீர்கள். நான் நம்புகிறேன். உங்கள் நண்பர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அதை நீங்கள் பெரிதுபடுத்த வேண்டாம்.